கழித்துப் போட்ட டயர், கட்டிடத்தைக் காக்கும்!

ஓலைக் குடிசையில் ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கண் மூடித் திறப்பதற்குள் கூரை சாம்பலாகிவிடும்.

அதனால்தான், கையில் நாலு காசு சேர்ந்ததும் குடும்பத் தலைவர் முதலில் நினைப்பது தளம் போட்ட வீடு. சிமெண்டும், மணலும், ஜல்லியும், கம்பியும் சேர்த்துக் கான்கிரீட் போட்டுவிட்டால், அப்புறம் நெருப்புப் பயம் இல்லை. குடும்பமே நிம்மதியாகத் தூங்குகிறது.

அந்த நிம்மதியில் பெரும்பகுதி நியாயமானதுதான். கான்கிரீட் எரியாது. புகையாது. ஒரு பக்கம் தீ எரிந்தால், மறு பக்கத்துக்கு வெப்பம் போய்ச் சேர வெகு நேரம் ஆகும்.

2005-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டில் "வின்ட்சர்" என்ற 32 மாடிக் கட்டிடம் விடிய விடிய எரிந்தது. மேல் மாடிகளில் தீக்காப்பு இல்லாத இரும்புத் தூண்கள் வளைந்து நொறுங்கின. நடுவில் இருந்த கான்கிரீட் கூடு மட்டும் கருகிப்போய் அசையாமல் நின்றது.

ஆகவே, கான்கிரீட்டைக் குறை சொல்வதற்கு இல்லை.

ஆனால், எரியாத பொருள் எல்லாம் தீயை வென்ற பொருள் ஆகிவிடாது. கடுமையான வெப்பத்தில் கான்கிரீட் "படார், படார்" என்று வெடித்துச் சிதறுவது உண்டு. அதுவும், மிகவும் உறுதியான கான்கிரீட்தான் அதிகமாக வெடிக்கிறது!

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழி, தெருமுனையில் பஞ்சர் கடை வாசலில் கிடக்கிறது.

கழித்துப் போட்ட பழைய டயர்தான் அது!

கடலுக்கு அடியில் தீ

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடல் இருக்கிறது. அந்தக் கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ரெயில் விட்டிருக்கிறார்கள். சுரங்கத்தின் நீளம் சுமார் 50 கிலோ மீட்டர். 1994-ம் ஆண்டு அது திறக்கப்பட்டது.

இந்தச் சுரங்கத்தில் ஒரு விசேஷம். லாரிகளை அப்படியே ரெயில் மீது ஏற்றி, அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். லாரி டிரைவர்கள் தனிப் பெட்டியில் உட்கார்ந்து செல்வார்கள்.

1996-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி இரவு. பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ஒரு ரெயிலில், லாரி ஒன்று தீப்பற்றியது. ரெயில் சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. எங்கும் புகை. எதிரில் நிற்பவர் முகம் கூடத் தெரியவில்லை.

ரெயிலில் இருந்தவர்கள் 34 பேர். பக்கத்தில் இருந்த சிறு சுரங்கத்தின் வழியாக எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள். ஓர் உயிர் கூடப் போகவில்லை.

ஆனால், சுரங்கம்?

தீ அணைந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்த என்ஜினீயர்கள் திகைத்துப்போனார்கள். சுமார் அரை கிலோ மீட்டர் தூரத்துக்குச் சுரங்கம் சேதம் அடைந்திருந்தது. சுற்றுச்சுவராக இருந்த கான்கிரீட், தகடு தகடாகப் பெயர்ந்து தரையில் குவிந்து கிடந்தது. சில இடங்களில் சுவரின் கனத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. உள்ளே இருந்த கம்பிகள் எலும்பு போலத் தெரிந்தன.

அது மட்டமான கான்கிரீட் அல்ல. கடலின் பாரத்தைத் தாங்குவதற்காக, மிகுந்த கவனத்துடன் தயாரித்த உயர்ந்த ரகம். இருந்தும் தீயின் முன் நிற்கவில்லை.

2008-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, அதே சுரங்கத்தில் மறுபடியும் லாரி ரெயில் தீப்பிடித்தது. 16 மணி நேரம் எரிந்தது. அப்போதும் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் பாழாயிற்று.

சோளம் பொரிவது போல!

உறுதியான கான்கிரீட் ஏன் வெடிக்கிறது?

பதில் அடுப்பங்கரையில் இருக்கிறது. சோளப்பொரி பொரிப்பதைப் பார்க்காதவர் இல்லை. சோளத்தின் தோல் கெட்டியானது. உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கிறது. சட்டி சூடானதும் அந்த ஈரம் ஆவியாகிறது. ஆவிக்கு வெளியே வர வழி இல்லை. முட்டி மோதுகிறது. கடைசியில் "பட்" என்று தோலைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

கான்கிரீட்டின் கதையும் இதுதான்.

கான்கிரீட் பார்ப்பதற்குக் கல் போல இருக்கும். ஆனால், அதற்குள் தண்ணீர் இருக்கிறது. சிமெண்டைக் குழைக்கும்போது ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி, கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகளில் தங்கிவிடுகிறது. பத்து ஆண்டு ஆனாலும் முழுவதும் காய்வது இல்லை.

தீ சுடும்போது இந்தத் தண்ணீர் ஆவியாக மாறுகிறது. சாதாரணக் கான்கிரீட்டில் துளைகள் அதிகம். ஆவி மெதுவாகக் கசிந்து போய்விடும். உயர் ரகக் கான்கிரீட்டில் துளைகள் மிகவும் குறைவு. அதனால்தான் அது உறுதியாக இருக்கிறது. அதே காரணத்தால், ஆவிக்கு வழி இல்லாமல் போகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. தீப்படும் மேல்பக்கம் சூடாகி விரிய முயல்கிறது. உள்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. அது விட்டுக்கொடுக்க மறுக்கிறது. இந்த இழுபறியும் ஆவியின் முட்டலும் சேர்ந்ததும், கான்கிரீட் பொரிந்து தெறிக்கிறது.

பெரும்பாலும் தீப்பிடித்த முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே இது ஆரம்பித்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடிவரும் நேரம் அது. தீயணைக்கும் வீரர்கள் உள்ளே நுழையும் நேரமும் அதுதான். அப்போது தலைக்கு மேலே கான்கிரீட் துண்டுகள் தெறித்தால், அவர்கள் கதி என்ன?

கவசம் போனால் கம்பி போகும்

தெறித்து விழும் துண்டுகளால் மட்டும் ஆபத்து இல்லை. பெரிய ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது.

கான்கிரீட்டுக்கு நசுக்கும் பாரத்தைத் தாங்கும் சக்தி அதிகம். இழுக்கும் பாரத்தைத் தாங்கும் சக்தி குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் உள்ளே கம்பி கட்டுகிறார்கள். தளத்தையும் உத்தரத்தையும் தொங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கம்பிதான்.

கம்பிக்கு வெப்பம் ஆகாது. 550, 600 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறினால், கம்பியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெரிய தீயில் 1,000 டிகிரி வரை சூடு ஏறுவது உண்டு.

கம்பியைச் சுற்றி இருக்கும் கான்கிரீட்தான் அதற்குக் கவசம். கவசம் தெறித்து விழுந்துவிட்டால், போர்க்களத்தில் சட்டை இல்லாமல் நிற்கும் வீரனைப் போலக் கம்பி தீயின் முன் நிற்கிறது. மணிக்கணக்கில் தாங்க வேண்டிய கட்டிடம், சீக்கிரமே சரிய நேரிடலாம்.

ஆகவே, கவசம் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

உருகிக் காக்கும் நூல்

ஆவிக்கு வழி விட்டால் போதும். வெடிப்பு நின்றுவிடும். ஆனால், வழி விடுவதற்காகக் கான்கிரீட்டில் ஓட்டை போட்டால், அதன் உறுதி போய்விடும். தண்ணீர் புகுந்து கம்பி துருப்பிடிக்கும்.

மற்ற நாளெல்லாம் மூடியிருந்து, தீப்பிடித்த அன்று மட்டும் திறக்கும் கதவு வேண்டும். அப்படி ஒரு கதவு உண்டா?

உண்டு. அது மெல்லிய பிளாஸ்டிக் நூல்.

பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நூல் அது. தலைமுடியை விட மெல்லியது. நீளம் ஒரு விரற்கடை கூட இருக்காது. அதைக் கான்கிரீட் குழைக்கும்போதே கலந்துவிடுகிறார்கள்.

ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. அதில் கலக்கும் நூல் 2 கிலோதான். ஐரோப்பிய நாடுகளின் கட்டிட விதிப் புத்தகத்தில், மிக உறுதியான கான்கிரீட்டுக்கு இந்த அளவு எழுதப்பட்டிருக்கிறது. 2 கிலோ என்றாலும், கோடிக்கணக்கான இழைகள்! அவை கான்கிரீட் எங்கும் பரவி நிற்கின்றன.

சாதாரண நாட்களில் அந்த இழைகள் சும்மா இருக்கும். தீ வந்து, சூடு 165 டிகிரியை நெருங்கியதும் உருகிவிடும். அவை இருந்த இடம் எல்லாம் மெல்லிய குழாய்களாக மாறும். ஆவி அந்தக் குழாய்கள் வழியே வெளியே போய்விடும். கான்கிரீட் தெறிக்காது.

தான் உருகிக் கட்டிடத்தைக் காப்பாற்றுகிறது நூல்!

லண்டனிலிருந்து கடல் சுரங்கம் வரை போடப்பட்ட புதிய ரெயில் பாதை, 2007-ம் ஆண்டு முழுவதும் திறக்கப்பட்டது. அந்தப் பாதையின் சுரங்கங்களில் இந்த நூல் கலந்த கான்கிரீட்டைப் பயன்படுத்தினார்கள். 1996-ம் ஆண்டின் தீ சொல்லிக்கொடுத்த பாடம் வீண் போகவில்லை.

டயருக்குள் ஒளிந்திருக்கும் நூல்

பாலிபுரொப்பிலீன் நூல் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுகிறது. புதிதாகத் தயாரிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு என்று ஒரு நகரம் இருக்கிறது. இரும்புக்கும் கத்திகளுக்கும் பேர்போன ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் என்ஜினீயர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். "புது நூல் எதற்கு? பழைய டயரில் நூல் இருக்கிறதே!" என்பதுதான் அவர்களுடைய யோசனை.

டயர் என்றால் ரப்பர் மட்டும் அல்ல. ரப்பருக்கு உள்ளே எஃகுக் கம்பியும், நூல் துணியும் இருக்கின்றன. "நைலான் டயர்" என்ற பெயரைக் கேள்விப்படாத லாரிக்காரர் இல்லை. அந்த நைலான்தான் டயரின் நரம்பு. கார் டயர்களில் பாலியெஸ்டர் நூலும் இருக்கும்.

பழைய டயரை அரைக்கும் ஆலைகளில், எஃகுக் கம்பியைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அதற்கு விலை உண்டு. ரப்பர் தூளுக்கும் விலை உண்டு. தார் ரோடு போடவும், விளையாட்டு மைதானத்துக்கு மெத்தென்ற தரை போடவும் அது பயன்படுகிறது.

நூல்? அது சிக்குப் பிடித்த பஞ்சு போல வந்து விழும். அதில் ரப்பர் தூள் ஒட்டியிருக்கும். சீண்டுவார் இல்லை. பெரும்பாலும் பள்ளத்தில் கொட்டுகிறார்கள். அல்லது கொளுத்துகிறார்கள்.

இந்தச் சிக்குப் பஞ்சைத்தான் ஷெபீல்டு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரப்பர் தூளைப் பிரித்தார்கள். சிக்கை எடுத்து, இழை இழையாக்கினார்கள். கட்டி கட்டாமல் கான்கிரீட்டில் சீராகக் கலக்க வழி கண்டார்கள். பிறகு அந்தக் கான்கிரீட்டைக் கடும் வெப்பத்துக்கு உள்ளாக்கிச் சோதித்தார்கள்.

டயர் நூல் கலந்த கான்கிரீட், வெடித்துத் தெறிப்பது குறைந்தது! கான்கிரீட்டின் உறுதியும் கெடவில்லை.

ஷான் ஷான் ஹுவாங் என்ற பெண் என்ஜினீயர் இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 2019-ம் ஆண்டு இதன் முடிவு உலகத்துக்குத் தெரிந்தது.

தீயை வளர்த்த பொருளே தீயை அடக்குகிறது

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டயர், தீக்கு மிகவும் வேண்டிய பொருள். ஒரு தடவை பற்றிக்கொண்டால் லேசில் அணையாது.

1990-ம் ஆண்டு கனடா நாட்டில் ஹேகர்ஸ்வில் என்ற ஊரில், ஒரு கோடிக்கும் அதிகமான பழைய டயர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியல் தீப்பிடித்தது. 17 நாட்கள் எரிந்தது. வானமே கறுத்துப்போயிற்று. சுற்றிலும் இருந்த குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் டயர்ப் புகை புதிது அல்ல. போகிப் பண்டிகை அன்று பழைய டயரைக் கொளுத்தும் பழக்கம் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் "டயரைக் கொளுத்தாதீர்கள்" என்று கேட்டுக்கொள்கிறது. அந்தப் புகையில் குழந்தைகளுக்கு இருமல். முதியவர்களுக்கு மூச்சுத் திணறல். போகிப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போன ஆண்டும் உண்டு.

கொளுத்தாமல் கொல்லையில் போட்டால், மழைத் தண்ணீர் தேங்குகிறது. டெங்குக் கொசு அங்கேதான் முட்டை இடுகிறது.

எரித்தால் புகை. போட்டுவைத்தால் காய்ச்சல். அப்படிப்பட்ட டயரின் வயிற்றில், தீயிலிருந்து மனிதனைக் காக்கும் நூலும் இருக்கிறது. வீணாகப் போவது ரப்பர் அல்ல; பாதுகாப்பு.

எல்லாக் கழிவும் ஒன்று அல்ல

டயர் நூல் மட்டும் அல்ல. வேறு சில கழிவுகளும் கான்கிரீட்டுக்குத் தீயைத் தாங்க உதவி செய்கின்றன.

அனல் மின்சார நிலையங்களில் நிலக்கரி எரிந்த பிறகு கிடைக்கும் மெல்லிய சாம்பல் அவற்றுள் ஒன்று. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் அது மலை மலையாகக் குவிகிறது. இரும்பு ஆலைகளின் உலைக் கசடு மற்றொன்று.

சிமெண்டு இறுகும்போது உள்ளே கொஞ்சம் சுண்ணாம்பு உண்டாகிறது. 400, 500 டிகிரி வெப்பத்தில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? கொதித்துப் பூத்து உப்பும். தீ அணைந்த பிறகு கான்கிரீட்டுக்குள்ளும் அதுவே நடக்கிறது. காற்றின் ஈரம் பட்டு, சுண்ணாம்பு உப்புகிறது. கான்கிரீட் விரிசல் விடுகிறது.

சாம்பலும் கசடும் இந்தச் சுண்ணாம்பைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, நல்ல பசையாக மாற்றிவிடுகின்றன. உப்புவதற்குச் சுண்ணாம்பு மிஞ்சுவது குறைவு.

உடைந்த செங்கல்லும் உதவும். செங்கல் சூளையில் வெந்தது, நெருப்புக்குப் பழகியது. சில வகைக் கருங்கற்களில் பளிங்கு போன்ற குவார்ட்ஸ் இருக்கிறது. 573 டிகிரியில் அது திடீரென்று விரியும். செங்கல் ஜல்லியில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால், எல்லாக் கழிவும் நல்லது செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது.

சிலிக்கான் உலைகளில் புகையோடு வரும் ஒரு வகை மெல்லிய தூள் இருக்கிறது. அதுவும் கழிவுதான். அதைக் கலந்தால் கான்கிரீட் இரும்பு போல் உறுதியாகும். துளைகள் எல்லாம் அடைபட்டுவிடும். அதனாலேயே, தீயில் வெடிக்கும் ஆபத்து அதிகமாகும்! உறுதிக்காகச் சேர்த்த தூள், தீயின் முன் பகையாகிவிடுகிறது.

"கழிவைப் பயன்படுத்தினோம்" என்பது மட்டும் பெருமை அல்ல. எந்தக் கழிவு, எந்த வேலைக்கு, எவ்வளவு என்று தெரிந்து பயன்படுத்துவதே பெருமை. அதைச் சொல்ல வேண்டியது விளம்பரம் அல்ல; சோதனை உலை.

வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க

இதைப் படித்துவிட்டு யாரும் பழைய டயரைக் கிழித்து, வீட்டுத் தளத்தில் போட்டுவிட வேண்டாம்! அது பெரிய கெடுதலில் முடியும். ரப்பர் ஒட்டிய துண்டுகள் கான்கிரீட்டின் பலத்தைக் குறைத்துவிடும்.

சாதாரண வீடுகளில் போடும் கான்கிரீட், சுரங்கத்துக்குப் போடும் கான்கிரீட் போல அவ்வளவு நெருக்கமானது அல்ல. பெரும்பாலும் அது வெடித்துத் தெறிப்பது இல்லை. நூல் அவசியமாகத் தேவைப்படுவது சுரங்கங்களுக்கும், மிக உயரமான கட்டிடங்களின் தூண்களுக்கும்தான்.

வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது வேறு. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே, கொத்தனார் "கவர் பிளாக்" வைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சிறிய சிமெண்டுக் கட்டைதான். விலை மிகவும் குறைவு. அது இல்லாவிட்டால் கம்பி கீழே அமுங்கி, தளத்தின் அடியிலேயே வந்துவிடும். அப்புறம் கம்பிக்குக் கவசம் ஏது?

வீட்டிலோ கடையிலோ தீ விபத்து நடந்தால், கரியைத் துடைத்து, மேலே பூச்சுப் பூசி, சுண்ணாம்பு அடித்துவிட்டுக் குடியேறிவிடக் கூடாது. உள்ளே கம்பி சுட்டிருக்கலாம். கான்கிரீட் பொரிந்திருக்கலாம். ஓர் என்ஜினீயரை அழைத்துக் காட்டிய பிறகே உள்ளே போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்பு

டயர் நூல் உடனே எல்லா இடத்துக்கும் வந்துவிடுமா?

வராது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

ஐரோப்பிய விதிப் புத்தகத்தில் இருப்பது புதிய பாலிபுரொப்பிலீன் நூல். டயரில் இருக்கும் நைலானும் பாலியெஸ்டரும் அதை விட அதிகச் சூட்டில், 220 டிகிரிக்கு மேலேதான் உருகும். எவ்வளவு நூல் போட வேண்டும், எந்தக் கான்கிரீட்டுக்கு எது பொருந்தும் என்பதைச் சோதனை செய்துதான் முடிவு கட்ட வேண்டும். ஒரு டயரில் உள்ள நூல் போல மற்றொரு டயரில் இருக்காது. அதற்கும் தரம் பிரிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு இந்தியாவில் இடம் இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தீயைப் பற்றி ஆராய அங்கே தனிப் பகுதியே உண்டு. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சென்னையைச் சுற்றி டயர்த் தொழிற்சாலைகளும் பல இருக்கின்றன.

சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. டயர் செய்து விற்கும் கம்பெனிகளே, பழைய டயர்களை மறுபடியும் பயன்படுத்தும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022-ம் ஆண்டு மத்திய அரசு விதி செய்தது. டயரை அரைத்து, ரப்பரையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு, நூலை மட்டும் எரித்துவிட்டால் அந்த விதியின் நோக்கம் பாதிதான் நிறைவேறும்.

தேவையும் இருக்கிறது. சென்னையில் 2017-ம் ஆண்டிலிருந்து பூமிக்கு அடியில் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. நகரங்களில் கட்டிடங்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. கான்கிரீட்டும் மேலும் மேலும் உறுதியாகிக்கொண்டே வருகிறது. உறுதி ஏற ஏற, தீயின் முன் அது வெடிக்கும் ஆபத்தும் ஏறுகிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் சொல்லப்படும். "செலவு கூடுமே!" என்பதுதான் அது.

கட்டிடத்தில் மற்ற எல்லாமே கண்ணுக்குத் தெரியும். சலவைக்கல் தரை தெரியும். கண்ணாடி ஜன்னல் தெரியும். கான்கிரீட்டில் நூல் இருக்கிறதா, இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தால், கண்ணுக்குத் தெரியாததில்தான் முதலில் கை வைப்பார்கள். அது மனித சுபாவம்.

இந்த இடத்தில்தான் டயர் நூலின் அருமை தெரிகிறது. எறிந்துவிடும் பொருளிலிருந்து பாதுகாப்பு கிடைக்குமானால், "செலவு" என்ற சாக்குக்கு இடம் குறைகிறது. பணக்கார நாட்டுச் சுரங்கத்துக்கு மட்டும் கிடைத்த காவல், சாதாரண ஊரின் பாலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிடைக்க வழி பிறக்கிறது.

ஆகவே, மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்.

டயர் அரைக்கும் ஆலைகள் நூலைத் தனியே பிரித்துச் சுத்தம் செய்து சேர்க்க வேண்டும்.

ஆராய்ச்சி நிலையங்கள் அந்த நூலைக் கான்கிரீட்டில் கலந்து, பெரிய உலையில் நிஜத் தீயில் வைத்துச் சோதிக்க வேண்டும். முடிவு நல்லதாக வந்தாலும், கெட்டதாக வந்தாலும், அதை ஒளிக்காமல் வெளியிட வேண்டும்.

சோதனையில் தேறினால், அரசாங்கம் சுரங்கங்களுக்கும் உயர்ந்த கட்டிடங்களுக்கும் டெண்டர் விடும்போது, "தீயில் தெறிக்காத கான்கிரீட்" என்பதைக் கட்டாய நிபந்தனையாக எழுத வேண்டும்.

எழுதாத வரையில், நூலைப் போடுவதும் போடாததும் காண்டிராக்டரின் மனசைப் பொறுத்தது. எழுதிவிட்டால், அது சட்டம்.

கடல் சுரங்கத்தில் 34 பேரும் பிழைத்தார்கள். கான்கிரீட் தெறித்து விழுந்தபோது, அதன் கீழே அவர்கள் இல்லை. ஒவ்வொரு தீயிலும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

தீ சொல்லிவிட்டு வருவது இல்லை. அது வரும் நாளில் கட்டிடம் தாங்குமா, தாங்காதா என்பது, கான்கிரீட் குழைக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அன்றைக்கு 2 கிலோ நூல் போட்டார்களா, இல்லையா என்பதில் பல குடும்பங்களின் விளக்கு இருக்கிறது.

அந்த நூல், இன்று குப்பையில் கிடக்கிறது. எடுத்துச் சுத்தம் செய்து, சோதித்துப் பார்க்கும் கைகள்தான் வேண்டும்.